வெளக்கும் வௌவாலும்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நம் ஆசிரியரின் துணைவியார் நம்மை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். தாழாக்குடிக்கு அருகிலுள்ள ஔவையாரம்மன் கோயிலுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களோடு போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைத்துத் திரும்பியிருந்தார். நம் பங்குக்கு இரண்டு கொழுக்கட்டைகளை வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். பைக்குள் செல்லரித்த ஒரு தாள்கட்டும், கடித உறைக்குள் செருகிய ஒரு குறுந்தட்டும் இருந்தன. உறையின்மேல் ஆசிரியரின் சாய்ந்த கையெழுத்தில் ‘நீலி கதை – முழுவதும் – 2004’ என்று எழுதியிருந்தது.

“வீட்ட ஒழிக்கேன் மக்கா. மக கூட திருவனந்தபுரத்துக்குப் போறேன். அவரு கடைசி வரைக்கும் இதத்தான் பத்திரமா வச்சிருந்தாரு. எனக்கு இதப் போட்டுப் பாக்கத் தெரியாது. நீ பாத்து ஏதாவது செய்யி” என்றார்.

அந்தக் குறுந்தட்டு உருவான கதை நமக்குத் தெரியும். தெரியும் என்பதைவிட, அதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதே சரி. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நம் ஆசிரியர் கல்லூரிப் பணிக்கு வந்த புதிதில், 1980களில், ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு கோயில் கொடைகளுக்குப் போனவர். நாஞ்சில் நாட்டில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இராது. வில்லின்மீது வீசுகோல் விழ, குடமும் உடுக்கும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்க, புலவர் வலப்புறத்தில் அமர்ந்து கதையைப் பாடுவார். இடப்புறத்தார் வாங்கிப் பாடுவர். பாட்டுக்கு இடையே பேச்சு வரும். பேச்சு மறுபடியும் பாட்டாகும். ஆசிரியர் நீலி கதையை இரண்டு புலவர்களிடம் பதிவு செய்தார். ஒருவர் தோவாளை வட்டத்துக்காரர். மற்றவர் கல்குளம் வட்டத்துக்காரர். கதை ஒன்றுதான் என்றாலும் சொல் வேறு. கல்குளத்துக்காரரின் பாட்டில் மலையாளத்தின் சாயல் ஏறியிருக்கும். ஆசிரியர் இரண்டையும் கேட்டுக் கேட்டு எட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். தோவாளைப் பாடத்தைக் கறுப்பு மையிலும், கல்குளத்துப் பாடம் வேறுபடும் இடங்களைச் சிவப்பு மையிலும் எழுதியிருந்தார்.

நாம் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2004இல், அந்த நோட்டுகளை நாகர்கோவிலில் இருந்த ஒரு டி.டி.பி. மையத்துக்குக் கொண்டுபோகும் வேலை நமக்கு வாய்த்தது. தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு வட்டாரச் சொற்களைப் படித்துக் காட்டியதும், மெய்ப்புத் திருத்தியதும் நாமே. சிவப்பு மையைக் கறுப்பு வெள்ளைப் பிரதியில் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி வந்தபோது, தடித்த எழுத்தில் போட்டுவிடலாம் என்ற யோசனையைச் சொன்னவரும் நாம்தான். இடப்புறத்தார் பாடும் அடிகள் உள்தள்ளி நின்றன. பேச்சுப் பகுதிகள் சாய்வெழுத்தில் அமைந்தன. மெய்ப்பு அச்சாகி வந்த நாளில் ஆசிரியர் பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை காலம் இருக்கும்?” என்று கேட்டார். “இனி இதைச் செல்லரிக்காது ஐயா, கணினியில் ஏறிவிட்டது” என்றோம் நாம். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் நோட்டுகளைப் பழைய தாள் கடைக்குப் போட்டார். ஒலிநாடாக்களில் அதற்கு முன்பே பூஞ்சை பிடித்திருந்தது. முன்னுரையைத் திருத்தித் திருத்தியே ஏழாண்டுகள் கழிய, புத்தகம் வெளிவராமலேயே 2011இல் ஆசிரியர் காலமானார்.

தாளைச் செல் அரித்திருந்தது. 212 பக்கங்களில் முதல் 140 பக்கங்களே படிக்கத் தக்கனவாக எஞ்சியிருந்தன. மீதி 72 பக்கங்களும் குறுந்தட்டுக்குள் மட்டும்தான் இருந்தன.

குறுந்தட்டைப் படிக்கும் கருவி நம் கணினியில் இல்லை, இரவல் வாங்கினோம். தட்டில் நான்கு கோப்புகள் இருந்தன. நான்கும் பேஜ்மேக்கரில் அமைத்தவை. அந்த மென்பொருளின் இறுதிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன் வழித்தோன்றலான இன்டிசைன், 2012இன் சி.எஸ்.6 பதிப்பு வரையில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து தந்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் அவ்வசதி இல்லை. நாம் தேடிச் சென்றபோது பழைய டி.டி.பி. மையம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. கடைசியில் கோட்டாற்றுப் பக்கம் கல்யாணக் கார்டு அடிக்கும் ஒரு சிறு அச்சகத்தில், மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பழைய கணினி ஒன்றில் கோப்பு திறந்தது. நாம் உயிர் வந்தது போல் எட்டிப் பார்த்தோம். திரையில் தமிழ் இல்லை. உச்சிக்கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், பவுண்டு, யென் நாணயக் குறிகளும், பின்னங்களும் வரிவரியாக நின்றன. “அந்த பாண்ட் நம்மகிட்ட இல்ல சார்” என்றார் அச்சகத்துக்காரர்.

நண்பர்கள் பலரும் இப்படியொரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஏன் இப்படி நேர்கிறது என்பதைத் தமிழ் படித்தவர்களாகிய நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். அந்த எண்ணுக்கு என்ன வடிவம் காட்ட வேண்டும் என்பதைச் சொல்வது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே உண்டு. முதற்பாதியில் ஆங்கிலம் அமர்ந்திருந்தது. எஞ்சிய இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் வைக்க இயலாது. ஆகவே தமிழைத் துண்டுகளாக நறுக்கினார்கள். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி, அடங்காத உகர ஊகார எழுத்துகள் முழுதாய் என்று எங்கெங்கோ செருகினார்கள். எந்தத் துண்டை எந்த எண்ணில் செருகுவது என்பதை ஒவ்வொரு மென்பொருள் செய்தவரும் தாமே முடிவு செய்தார். சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்திலேயே தமிழை ஏற்றின. ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழ் அங்கே ஒரு முகமூடி. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது வேறு முகம்.

முகமூடி கழலாத போதும் தொல்லை உண்டு. சொற்செயலிகள் தமக்குத் தெரிந்த மொழி ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டு உதவிக்கு வரும். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிக் கொடுப்பது அவற்றின் மரியாதைகளில் ஒன்று. பாமினியில் சிறிய ஜே என்பது ‘த’. பெரிய ஜே என்பது ‘து’. வாக்கியத்தைத் ‘தமிழ்’ என்று தொடங்கினால் அது ‘துமிழ்’ ஆகிவிடும். பழைய ஆவணங்களைப் புரட்டுவோர் அங்கங்கே ‘துமிழ்’ என்று கண்டு திகைத்தால், அது எழுதியவரின் பிழை அன்று என்பதை அறிய வேண்டும். 173ஆம் எண் இன்னொரு கதை. உலக வழக்கில் அது வரி முடிவில் மட்டும் தோன்றும் மென்கோடு. அந்த இடத்தில் ஓர் எழுத்தை வைத்தால், சில மென்பொருள்களில் அந்த எழுத்து வரி நடுவில் மறைந்துபோகும். ‘டிஸ்கி’ குறியேற்றத்தில் ‘இ’ அந்த இடத்தில்தான் அமர்ந்திருந்தது. பின்வந்த திருத்தத்தில் அதை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டியதாயிற்று.

இந்த அலங்கோலத்தைச் சீர்செய்ய முயன்றோர் குறைவல்லர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் டாம், டாப் என்னும் இரு தரங்கள் முன்வைக்கப்பட்டன. தமிழ்நாடு அரசும் அவற்றை ஏற்றது. வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மடற்குழுவில் விவாதித்து டிஸ்கியை உருவாக்கினார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை எழுத்துருவில் பிறந்து, டிஸ்கிக்கு மாறி, பின்னர் ஒருங்குறியை அடைந்தது. ஒரே தொகுப்பு மூன்று உடை மாற்றியிருக்கிறது. மாற்றி உடுத்த ஆள் இருந்ததால் அது பிழைத்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் 1991இன் முதற்பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் பொதுக் கணினிகளில் அது இயங்கத் தொடங்கியது 2000இல் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்–16 என்னும் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. நம் நீலி கதை 2004இல் தட்டச்சானது. கதவு திறந்திருந்த வீட்டுக்கு வெளியே திண்ணையில் படுத்துறங்கியவரின் கதைதான் நம்முடையது.

அச்சகத்துக்காரர் பொறுமைசாலி. கோப்பிலிருந்து பனுவலை வெளியேற்றிக் கொடுத்தார். முதன்முறை வெறும் எழுத்துக் கோப்பாகத் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கிடைத்த எழுத்துரு மாற்றிகளில் எல்லாம் ஊற்றிப் பார்த்தோம். பழைய தமிழ் எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளை ஆர்வலர்களும் பதிப்பகத்தாரும் இலவசமாகச் செய்து தந்திருக்கிறார்கள். சுரதாவின் பொங்குதமிழும் நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டரும் பல்லாயிரம் பக்கங்களைக் கரை சேர்த்தவை. நம் எழுத்துரு எந்தப் பட்டியலிலும் இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறொன்று. வெறும் எழுத்துக் கோப்பில் தடிப்பு இல்லை, சாய்வு இல்லை, உள்தள்ளல் இல்லை. எழுத்து முழுவதும் மீண்டாலும் எது தோவாளை, எது கல்குளம் என்று பிரிக்க இயலாது. இரண்டு புலவர்களையும் ஒரே வாயாக்கிவிட்டால், எவரும் எந்தக் கொடையிலும் பாடாத மூன்றாவது நீலி கதை ஒன்று பிறந்துவிடும். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மனிதர் முப்பதாண்டுகள் காத்த வேறுபாட்டை, தடித்த எழுத்தில் போடலாம் என்ற ஒற்றை யோசனையால் நாம் காற்றில் விட்டிருந்தோம்.

மறுநாள் மறுபடியும் கோட்டாற்றுக்குப் போனோம். இம்முறை ஆர்.டி.எஃப். என்னும் வடிவில் வெளியேற்றித் தரும்படி கேட்டோம். அது ஒரு சொற்செயலியிலிருந்து இன்னொன்றுக்கு ஆவணம் கொண்டுசெல்வதற்கென்றே 1980களில் உருவான வடிவம். அதனுள் எழுத்துகளோடு கூடவே, ‘இங்கே தடிப்புத் தொடங்குகிறது, இங்கே முடிகிறது, இந்தப் பத்தி இவ்வளவு உள்தள்ளியது, இந்தச் சொல்லுக்கு இந்த எழுத்துரு’ என்னும் கட்டளைகளும் படிக்கத் தக்க சொற்களாகவே எழுதப்பட்டிருக்கும். கோப்பைத் திறந்து பார்த்தோம். தடிப்பு இருந்தது. எழுத்துருவின் பெயரும் இருந்தது. எந்தச் சொல் தமிழ் எழுத்துருவில், எந்தச் சொல் ஆங்கில எழுத்துருவில் என்ற குறிப்பும் இருந்தது. இந்தக் குறிப்பு இல்லாமல் மாற்றினால், அடிக்குறிப்பில் வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் கந்தலாகிவிடும்.

இனி வேண்டியது எழுத்து அட்டவணை. எந்த எண் எந்தத் துண்டு என்று அறிய, எஞ்சியிருந்த 140 பக்க மெய்ப்பே நமக்கு இருமொழிக் கல்வெட்டாக உதவியது. தாளில் இருக்கும் வரியையும் கோப்பில் இருக்கும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ‘நீலி’ என்ற பெயர் நூற்றுக்கணக்கில் வருவதால் அதுவே முதற்சாவி. நம் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் படிக்கும் மாணவர் ஒருவர் உடனிருந்தார். பத்து நாள் மாலைகளில் அட்டவணை நிறைந்தது. அந்நாட்களில், நாஞ்சில் நாட்டுப் பழைய ஓலைகளையும் கல்வெட்டுகளையும் கூர்ந்து படித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் அடிக்கடி நினைத்துக்கொண்டோம். அவருக்கு முன் இருந்தவை நூற்றாண்டுகள் பழையவை. நமக்கு முன் இருந்ததோ இருபது ஆண்டுகூட நிறையாதது.

மாணவர் ஒரு சிறு நிரலை எழுதினார். அது எண்களைத் தமிழாக்கும். தடிப்பையும் சாய்வையும் அப்படியே விட்டுவைக்கும். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பை ஒருங்குறியின் முறைப்படி எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும். முதல் பக்கம் திரையில் தமிழாக விரிந்தபோது நாம் எழுந்து நின்றுவிட்டோம்.

ஆனால் ‘அவர்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ‘அவர்’ கணினிக்குத் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தட்டச்சு செய்தவர் ரகரப் புள்ளிக்குப் பதிலாகக் காலுக்கு மேல் புள்ளி வைத்திருந்தார். பழைய அச்சுப் புத்தகங்களில் அதுதான் வழக்கம். அச்சில் வேறுபாடு தெரியாது. இதைத் திருத்துவது எளிது. காலின்மேல் புள்ளி தமிழில் வரவே வராது என்பதால், அப்படி வரும் இடமெல்லாம் ரகரம் என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம். சொன்னோம். கேட்டது.

அடுத்தது ஔகாரம். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். நம் எழுத்துருவில் அவ்விரண்டுக்கும் ஒரே எண்தான். ஆகவே ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும், ‘வௌவால்’ என்பது ‘வெளவால்’ என்றும் வந்திருந்தன. பார்வைக்கு வேறுபாடு இல்லை. கணினிக்கும், அகரவரிசைக்கும், கண் தெரியாதவருக்காகப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அவை வேறு வேறு சொற்கள். இன்றும் ஔவையாரின் பெயரை ஒகரமும் ளகரமுமாக எழுதிப் பரப்புகிறவர்கள் உண்டு. மாணவர் ஒரு விதி வகுத்தார்: கொம்பு பெற்ற எழுத்தை அடுத்து, உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத ளகரம் வந்தால் அது ஔகாரமே. ‘வெளி’யிலும் ‘வெள்ள’த்திலும் ளகரம் குறியோ புள்ளியோ பெற்றிருப்பதால் தப்பிவிடும், ‘மௌன’மும் ‘வௌவா’லும் திருந்திவிடும். நமக்கும் அது மிகச் சரியாகவே பட்டது. முதுகலைத் தமிழ் படித்த அறிவு அதில் ஒரு குறையும் காணவில்லை.

ஆசிரியரின் துணைவியார் திருவனந்தபுரம் புறப்படுமுன் ஒருநாள், மீண்ட பக்கங்களை அச்சிட்டு எடுத்துப்போய் அவருக்குப் படித்துக் காட்டினோம். அவர் தோவாளைப் பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதில் தூக்கக் கலக்கத்தோடு கொடைப் பந்தலில் கதை கேட்டு வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்னது? இன்னொருக்க வாசி.”

வாசித்தோம். ‘வௌக்கு’ என்றிருந்தது.

“வௌக்காவது வௌவாலாவது. வெளக்கு மக்கா, வெளக்கு. திரி போட்டு ஏத்துவோமே, அந்த வெளக்கு” என்று சிரித்தார்.

தாள்கட்டைப் புரட்டினோம். மெய்ப்பில் ‘வெளக்கு’ என்றே இருந்தது. நம் விதி அதை அணைத்திருந்தது. இப்போது மற்றவையும் கண்ணில் பட்டன. ‘கெளம்பு’ என்பது ‘கௌம்பு’ ஆகியிருந்தது. ‘மெளகு’ ‘மௌகு’ ஆகியிருந்தது. விளக்கு, கிளம்பு, மிளகு என்று ஏட்டுத்தமிழ் எழுதுவதை வெளக்கு, கெளம்பு, மெளகு என்றுதான் இம்மண்ணின் வாய் சொல்லும். நாம் வகுத்த விதி எழுத்துத்தமிழுக்கு ஏறக்குறையப் பொருந்தியது. வில்லுப்பாட்டின் தமிழுக்கு அது பொருந்தவில்லை. ஆசிரியர் எந்த வாய்மொழியைத் திருத்தாமல் காக்க வேண்டும் என்று எட்டு நோட்டுகள் எழுதினாரோ, அதையே நம் விதி ‘திருத்தி’யிருந்தது.

ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சுவடியில் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றாகவே இருக்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. வீரமாமுனிவர் (1680–1747) கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டிய பிறகே அக்குழப்பம் மெல்லத் தணிந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டு, பொருள் நோக்கி, ஓசை நோக்கி, இது காலா ரகரமா என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்ய இயலாத இடத்தில் பாடபேதம் என்று கீழே குறித்தார்கள். அச்சு வந்ததும் அந்த ஐயம் ஒழிந்தது என்று நாம் வகுப்பில் சொல்லி வந்தோம். உண்மையில் அது ஒழியவில்லை. எழுத்துருவின் 256 அறைகளுக்குள் திரும்பி வந்து குடியேறியிருந்தது. ஓலையில் எழுதியவனுக்கு எழுத்தாணி கிழித்துவிடும் என்ற அச்சம். எழுத்துரு செய்தவனுக்கு இடம் போதாது என்ற நெருக்கடி. இருவருமே படிப்பவன் பொருள் அறிந்து படித்துக்கொள்வான் என்று நம்பினார்கள். இடையில் இயந்திரம் ஒன்று படிக்கும் என்று இருவரும் எண்ணவில்லை.

விதியை விலக்கினோம். ஐயத்துக்குரிய இடங்களைத் திருத்தாமல் மஞ்சள் பூசிக் காட்டும்படி மட்டும் நிரலை மாற்றினார் மாணவர். மொத்தம் 318 இடங்கள். முதல் 140 பக்கங்களில் இருந்தவற்றை மெய்ப்பைக் கொண்டு தீர்க்க முயன்றோம். மெய்ப்பிலும் வடிவம் ஒன்றுதான் என்பதால் அதுவும் முழுதாக உதவவில்லை. ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் இட்ட பொருட்குறிப்புகள்தான் பல இடங்களில் கை கொடுத்தன. மற்றவற்றை வாய்விட்டுப் படித்துத் தீர்த்தோம். சிலவற்றுக்குத் திருவனந்தபுரத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். அவர் ஒவ்வொரு முறையும் சொல்லைப் பாட்டாகவே சொல்லிக் காட்டினார்.

இதிலிருந்து நாம் கற்றவற்றை, நம்மைப் போலவே பழைய கோப்புகளை வைத்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்லத் தோன்றுகிறது. தமிழ் ஆய்வேடுகள், மலர்கள், சிறுபத்திரிகைப் பக்கங்கள் என்று 1990 முதல் ஏறத்தாழ 2010 வரை தட்டச்சானவற்றுள் பெரும்பகுதி இத்தகைய முகமூடித் தமிழில்தான் இருக்கிறது. அவற்றைத் திறக்கக்கூடிய பழைய கணினியும், அந்த எழுத்துருவும், அதை அறிந்த கையும் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது வெறும் எழுத்தாக வெளியேற்றாமல் வடிவமைப்பையும் சுமந்து வரும் கோப்பாக வெளியேற்ற வேண்டும். மூலக்கோப்பை அழிக்கக் கூடாது. அதோடு எழுத்துருவையும் சேர்த்தே வைக்க வேண்டும். பி.டி.எஃப். செய்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கண்ணுக்குக் காட்டும், உள்ளே இருக்கும் எண்கள் பழையனவே என்பதால் தேடவோ எடுத்தாளவோ முடியாது. அது எழுத்தின் நிழற்படம். இன்னொன்றும் உண்டு. பொருள் தரும் எதையும் தடிப்பிடமோ சாய்விடமோ வண்ணத்திடமோ மட்டும் ஒப்படைக்கக் கூடாது. அவை ஒரு சொற்செயலியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் உதிரக்கூடியவை. எழுத்து உதிர்வது அரிது.

ஆகவே புதிய பிரதியில் கல்குளத்துப் பாடம் வரும் ஒவ்வோர் அடியின் முன்னும் ‘(கல்)’ என்று எழுத்திலேயே குறித்துவிட்டோம். பேச்சுப் பகுதிக்கு முன் ‘பேச்சு’ என்றும், இடப்புறத்தாருக்கு ‘இடம்’ என்றும் எழுதினோம். பார்வைக்கு அழகாக இல்லை. ஆசிரியரின் பக்கங்களில் இருந்த அந்தக் காற்றோட்டம் போய்விட்டது. ஆனால் இதை எந்த எழுத்துருவில் போட்டாலும், எந்தச் செயலிக்கு அனுப்பினாலும், கையால் படியெடுத்தாலும்கூட இரண்டு புலவர்களும் இரண்டு புலவர்களாகவே இருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த எழுத்துருவின் எண் அட்டவணையையும் சேர்த்திருக்கிறோம்.

318 இடங்களில் 309 தீர்ந்தன. ஒன்பது தீரவில்லை. அவற்றுள் ஒன்று 187ஆம் பக்கத்தில், மெய்ப்பு எஞ்சாத பகுதியில் இருக்கிறது. நீலி வரும் இடம். அவ்வடியின் ஈற்றிலுள்ள இரண்டு சொற்களை ‘கௌவி வந்தாள்’ என்றும் படிக்கலாம். ‘கெளவி வந்தாள்’ என்றும் படிக்கலாம். முன்னது, பற்றிக்கொண்டு வந்தாள் என்று பொருள்படும். பின்னது, கிழவியாக உருவெடுத்து வந்தாள் என்றாகும். கதைக்கு இரண்டும் ஒக்கும். தொலைபேசியில் கேட்டபோது அம்மா நெடுநேரம் பேசாமலிருந்தார். “அந்த எடம் வரும்போ நான் தூங்கிப் போயிருப்பேன் மக்கா” என்றார்.

அந்த இரண்டு சொற்களையும் அப்படியே இரண்டாக அச்சிட்டு, அருகில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறோம். தாளில் மூன்று படிகள் எடுத்தோம். ஒன்று திருவனந்தபுரத்துக்குப் போயிற்று; ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு, வரும் கொடைக் காலத்தில் கல்குளம் வட்டத்தில் இன்னும் வில்லடிக்கும் முதிய புலவர் எவரேனும் இருக்கிறாரா என்று தேடிப் போக வேண்டும்.